விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி: லினக்ஸ் நிறுவும்போது எது எப்படிக் காலை வாரும்?

மடிக்கணினியில் உள்ள விண்டோஸுக்குச் சேதமில்லாமல் லினக்ஸ் பழக வேண்டும் என்றால் மெய்நிகர் இயந்திரம்தான் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வழி என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த மென்பொருளில் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் வரும். ஸ்னாப்ஷாட் உண்டா, யூஎஸ்பி உண்டா, விலை என்ன என்று வசதிகளை அடுக்கும் ஒப்பீடுகளுக்கும் குறைவில்லை. நிறுவல் ஒழுங்காக முடிந்தவருக்கு அவை உதவும். கருப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டிய விவரமே வேறு. இந்த மென்பொருள் எங்கே சிக்கும்? சிக்கினால் காரணத்தைச் சொல்லுமா, மூடி மறைக்குமா? விண்டோஸ் மடிக்கணினிகளில் புழங்கும் விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், ஹைப்பர்-வி ஆகிய மூன்றையும், ஓரமாக நிற்கும் டபிள்யூஎஸ்எல்-ஐயும் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் மைக்ரோசாஃப்ட்டின் வசதி) இந்தக் கேள்விகளை வைத்தே எடைபோடலாம்.

நான்குக்கும் பொதுவான முதல் தடை சிப்பிலேயே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு பகுதியைப் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் என்ற வரியில் 'எனேபிள்டு' என்று இல்லாவிட்டால், கணினி தொடங்கும்போது விசை அழுத்தி நுழையும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போவதைத் தவிர வேறு வழியில்லை. பெரும்பாலான எச்பி கணினிகளில் எஃப்10, டெல்லில் எஃப்2 விசை. இன்டெல் சிப்பானால் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டி ஆனால் எஸ்விஎம் மோட் என்றும் அந்த அமைப்புக்குப் பெயர். பக்கத்திலேயே விடி-டி என்று ஒன்று இருக்கும். அது வேறு, அதை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் பயனில்லை. மாற்றிச் சேமித்தபின் கணினியை ஒருமுறை முழுமையாக அணைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

இந்த ஒரே குறையை ஒவ்வொன்றும் தெரிவிக்கும் விதத்திலேயே குணம் தெரிந்துவிடுகிறது. விஎம்வேர் நேராகச் சொல்லும்: உங்கள் சிப்பில் இந்த வசதி இருக்கிறது, ஆனால் அணைக்கப்பட்டிருக்கிறது என்று. டபிள்யூஎஸ்எல் 80370102 என்று முடியும் ஒரு பிழை எண்ணைக் கொடுத்து, கூடவே பயாஸைப் பார்க்கச் சொல்லும். விர்ச்சுவல்பாக்ஸ் என்ன செய்யும் தெரியுமா? புதிய இயந்திரம் உருவாக்கும்போது வரும் பட்டியலில் 64 பிட் உபுண்டு, 64 பிட் டெபியன் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு 32 பிட் பெயர்களை மட்டும் காட்டும். புதிதாக வருபவர் தவறான கோப்பை இறக்கிவிட்டோமோ என்று சந்தேகப்பட்டு மறுபடி பல ஜிபி இறக்குவார்.

இரண்டாவது தடைதான் இன்றைய மடிக்கணினிகளின் உண்மையான வில்லன். புதிதாக விண்டோஸ் 11 உடன் வரும் கணினிகளில் கோர் ஐசொலேஷன் பகுதியில் உள்ள 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு பெரும்பாலும் முன்பே இயங்கிக்கொண்டிருக்கும். அது இயங்க மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்வைசர் (ஹைப்பர்-விக்கும் அடித்தளமான மென்பொருள்) வேண்டும். ஆகவே நீங்கள் ஹைப்பர்-வி என்ற பெயரையே கேள்விப்படாதவராக இருந்தாலும், சிப்பின் மெய்நிகர் வசதியை அது ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும். விர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேரும் அதே வசதியைக் கேட்டு வருகின்றன. ஒரே உறையில் இரண்டு கத்தி எப்படி இருக்கும்? விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தின் கடைசி வரியில் ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது என்று இருந்தால் உங்கள் கணினியிலும் இதே நிலைதான். 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் ஹைப்பர்-வியின் டிக்கை எடுத்துவிட்டேன், இன்னும் அப்படியே இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். மெமரி இன்டெக்ரிட்டி இருக்கும்வரை ஹைப்பர்வைசரும் இருக்கும்.

விர்ச்சுவல்பாக்ஸ் ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனத்திலிருந்து 2007-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கைக்கும், 2010-இல் ஆரக்கிள் கைக்கும் போனது. திறந்த மூலம், இலவசம், எளிதாக இறக்கலாம்; வகுப்பறைகளில் அதுவே முதல் பெயராக இருப்பதில் வியப்பில்லை. 2018-இல் 6.0 பதிப்பு வரும்வரை ஹைப்பர்-வி இருக்கும் கணினியில் அது இயங்கவே மறுக்கும். அதன்பின் ஹைப்பர்-விக்கு மேலேயே உட்கார்ந்து ஓடக் கற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால் பழைய மறுப்பே மேல் என்பேன். மறுத்தால் காரணம் தேடுவோம். இப்போது ஓடுகிறது, ஆனால் நத்தையாக. உபுண்டு நிறுவல் ஒரே கட்டத்தில் வெகுநேரம் நிற்கிறது. சிபியு 22 விநாடியாகச் சிக்கி நிற்கிறது என்ற பாணியில் லினக்ஸின் மையமான கர்னலின் எச்சரிக்கைகள் வருகின்றன. பார்ப்பவர் லினக்ஸையே குறை சொல்கிறார். இயந்திரத்தின் சாளரத்தில் கீழ் விளிம்பில் பச்சை ஆமைப் படம் ஒன்று தெரிந்தால் விஷயம் இதுதான். அந்த ஆமையைத் தவிர வெளிப்படையான அறிவிப்பு வேறு கிடையாது.

ஆமையை விரட்ட மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்து, துவக்க அமைப்பில் ஹைப்பர்வைசர் தானாகத் தொடங்காதபடி மாற்றி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். பாடம் படிக்க மட்டும் வைத்திருக்கும் கணினியில் செய்யலாம். வங்கிக் கணக்கும் அலுவலகக் கோப்பும் இருக்கும் கணினியில் ஒரு பாதுகாப்பு அடுக்கைக் கழற்றிவிட்டு லினக்ஸ் பழகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டபிள்யூஎஸ்எல்-இன் இரண்டாம் பதிப்பும் அதோடு நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ் வைக்கும் அடுத்த பொறி 2022-இல் 7.0 பதிப்போடு முன்னுக்கு வந்த தானியங்கி நிறுவல். இறக்கிய லினக்ஸ் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவைக் காட்டியதும் எல்லாவற்றையும் தானே செய்து முடிக்கிறது. முடிந்தபின் பார்த்தால், பெயரை நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் விபாக்ஸ்யூசர் என்ற பயனர் இருப்பார். அவருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகி உரிமை, இருக்காது. உபுண்டு 22.04-இல் டெர்மினலே திறக்காத கதையும் உண்டு. மொழி அமைப்பு அரைகுறையாக நிற்பதுதான் காரணம், செட்டிங்ஸில் மொழியை மாற்றி மறுபடி உள்நுழைந்தால் திறக்கும். இத்தனை வைத்தியம் எதற்கு? இயந்திரத்தை உருவாக்கும் முதல் பக்கத்திலேயே தானியங்கி நிறுவலைத் தவிர்க்க ஒரு பெட்டி இருக்கிறது. அதைக் கொண்டு தானியங்கி நிறுவலை விலக்கிவிட்டுக் கையால் நிறுவுங்கள். கற்கத்தானே வந்திருக்கிறீர்கள்.

திரை கருப்பாகவே நின்றால் முதலில் முப்பரிமாண முடுக்கத்தை அணைத்து, வீடியோ நினைவகத்தை 128 எம்பி வரை ஏற்றிப் பாருங்கள். சிபியு ஒன்றே ஒன்று என்று இருந்தால் இரண்டாக்குங்கள். நிறுவியபின் திரை சின்னதாகவே இருப்பதற்குக் காரணம் கெஸ்ட் அடிஷன்ஸ் (உள்ளே இருக்கும் லினக்ஸில் நிறுவ வேண்டிய விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருள்) இல்லாததுதான். அதை நிறுவும் முன் கர்னல் ஹெடர்களும் கம்பைலரும் உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நிறுவியது போலக் காட்டிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கும்.

விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 1999-இலிருந்து இருக்கிறது. விலை கொடுத்து வாங்க வேண்டியதாகவே பல காலம் இருந்தது. 2023 நவம்பரில் பிராட்காம் அந்நிறுவனத்தை வாங்கியது. 2024 மே மாதம் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும், அதே ஆண்டு நவம்பரில் வணிகப் பயன்பாட்டுக்கும் ப்ரோ பதிப்பு இலவசமானது. இன்று இதில் கடினமான கட்டம் இறக்குவதுதான். பிராட்காம் தளத்தில் கணக்கு தொடங்கி, பக்கம் பக்கமாகத் தேடி எடுக்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டிவிட்டால் லினக்ஸ் மேசைத்திரைக்கு மூன்றிலும் இதுவே தொல்லை குறைந்தது.

ஹைப்பர்-வி தகராறு இதற்கும் உண்டு. 2020-இல் வந்த 15.5.5 பதிப்பிலிருந்து இதுவும் ஹைப்பர்-விக்கு மேலே ஓடுகிறது, வேகமும் குறைகிறது. ஆனால் அதே கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் திணறும் இடத்தில் இது பெரும்பாலும் நடந்துவிடுகிறது. எந்த முறையில் ஓடுகிறது என்பதை இயந்திரத்தின் கோப்புறையில் உள்ள பதிவுக் கோப்பில் மானிட்டர் மோட் என்ற வரி சொல்லும்: யூஎல்எம் என்றால் ஹைப்பர்-வியின் மேல், சிபிஎல்0 என்றால் நேராகச் சிப்பின் மேல். திரை விரிவதற்கான ஓப்பன்-விஎம்-டூல்ஸ் டிஸ்ட்ரோக்களின் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளின்) களஞ்சியத்திலேயே இருக்கிறது, ஃபெடோராவில் முன்பே இருக்கும். ஒரே ஒரு கஞ்சத்தனம்: வட்டுக்கு அது வழக்கமாகப் பரிந்துரைப்பது 20 ஜிபி. உபுண்டு மேசைத்திரை கேட்பதோ 25 ஜிபி. நான் 40 கொடுப்பேன். முழு இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லாதவரை வட்டுக் கோப்பு நிரம்ப நிரம்பத்தான் வளரும். பின்னால் பார்ட்டிஷனைப் பெரிதாக்கும் வேலையும் இருக்காது.

ஹைப்பர்-வி பற்றிய முதல் கேள்வி, உங்களிடம் எந்த விண்டோஸ் என்பது. ஹோம் பதிப்பில் அது இல்லை. ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் மட்டும். கடையில் வாங்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை ஹோம் என்பதால் பலருக்கு இந்தப் பத்தியே வேண்டாம். இருப்பவர்களுக்கு, கத்திச் சண்டை முடிந்தது: உறையின் சொந்தக்காரரே இவர்தான். லினக்ஸுக்கான ஓட்டிகளை மைக்ரோசாஃப்ட் 2009-இலேயே கர்னலுக்குக் கொடுத்துவிட்டதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதும் இல்லை.

ஆனால் முதல் துவக்கத்திலேயே ஒரு தடை காத்திருக்கிறது. இரண்டாம் தலைமுறை இயந்திரத்தில், துவக்கத்தில் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட், விண்டோஸ் சான்றிதழை மட்டும் ஏற்கும்படி அமைந்திருக்கும். லினக்ஸ் ஐஎஸ்ஓவைத் தள்ளிவிடும். பாதுகாப்புப் பக்கத்தில் டெம்ப்ளேட்டை 'மைக்ரோசாஃப்ட் யூஇஎஃப்ஐ சர்டிஃபிகேட் அதாரிட்டி' என்று மாற்றினால் உபுண்டுவும் ஃபெடோராவும் ஏறும். கையொப்பமில்லாத டிஸ்ட்ரோவுக்குச் செக்யூர் பூட்டையே அணைக்க வேண்டும். நிறுவியபின் மறுபடி நிறுவல் திரையே வந்தால் பதற வேண்டாம். ஐஎஸ்ஓ இன்னும் செருகியிருக்கிறது, கழற்றிவிடுங்கள். மேசைத்திரையாகப் பயன்படுத்தத்தான் இது சலிப்பூட்டும்: வழக்கமான சாளரத்தில் ஒலி இல்லை, யூஎஸ்பியை உள்ளே கொடுக்க முடியாது, வரைகலை முடுக்கம் இல்லாததால் ஜினோம் மேசைத்திரை கனமாக நகரும். சர்வர் பழகுபவருக்கு இவை எதுவும் குறையாகத் தெரியாது.

டபிள்யூஎஸ்எல் ஹோம் பதிப்பிலும் ஓடும், ஒரே கட்டளையில் வந்துவிடும், சிக்கலும் குறைவு. கட்டளை வரி, பைத்தான், ஜிட் போதும் என்பவருக்கு வேறெதுவும் தேவையில்லை. பார்ட்டிஷன், பூட்லோடர், நிறுவல் எல்லாம் கற்க வேண்டும் என்றால் இதில் அவை கண்ணிலேயே படாது. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் பாதியை அது எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால் அதன் அமைப்புக் கோப்பில் ஒரு வரம்பு எழுதிவிடுவது நல்லது.

இணையம் வரவில்லை என்ற புகாரில் மட்டும் மூன்றும் ஒரே அணி. உள்ளே இருக்கும் லினக்ஸில் வைஃபை சின்னத்தைத் தேடுகிறார்கள். அதற்குத் தெரிவது ஒரு கம்பி வலையட்டை மட்டும்தான். கல்லூரி விடுதி வைஃபையில் பிரிட்ஜ்டு முறையை (உள்ளே இருக்கும் லினக்ஸ் தனிக் கணினியாக வலைப்பின்னலில் சேர்வது) வைத்தால் பெரும்பாலும் முகவரியே கிடைக்காது, ஏனெனில் அந்த வலைப்பின்னல் உள்நுழைந்த ஒரு கணினியை மட்டுமே ஏற்கிறது. உங்கள் கணினியின் இணைப்பையே பகிரும் நேட் முறையில் விடுங்கள். ஹைப்பர்-வியில் டீஃபால்ட் ஸ்விட்ச் என்பது அதுவே.

தேர்வு என்று வந்தால், ஹோம் பதிப்பும் 8 ஜிபியும் உள்ள கணினிக்கு டபிள்யூஎஸ்எல். மேசைத்திரை கட்டாயம் வேண்டுமென்றால் விஎம்வேரில் உபுண்டுவுக்குப் பதில் சுபுண்டுவோ மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ. ப்ரோ பதிப்பும் 16 ஜிபியும் இருந்து, சர்வர் பழகுகிறீர்கள் என்றால் ஹைப்பர்-வி. விர்ச்சுவல்பாக்ஸை, பாடத்திட்டமே அதைக் கேட்டாலோ, பல இயந்திரங்களை இணைத்து வலைப்பின்னல் பயிற்சி செய்வதானாலோ, அதுவும் ஆமை இல்லாத கணினியில் மட்டும் எடுப்பேன்.

இவ்வளவும் இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்கு. ஆப்பிளின் எம் வரிசை மேக்கிலோ ஸ்னாப்டிராகன் மடிக்கணினியிலோ வழக்கமான 64 பிட் ஐஎஸ்ஓ துவங்காமல் நிற்பது பழுதல்ல. ஏஆர்எம்64 என்று பெயரிட்ட ஐஎஸ்ஓவை இறக்க வேண்டும். மேக்கில் அதற்கு யூடிஎம் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் தொடங்குங்கள்.