மூன்று பெட்டி, ஒரே பெயர்: வீட்டு மெஷ் வைஃபையோடு நான்கு வருடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களுடையது ஒற்றை மாடித் தொடர் வீடு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு வந்தபோது அப்பா வாங்கியது. முன்வாசலிலிருந்து பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறை வரை 75 அடி இருக்கும். நடுவில் மூன்று செங்கல் சுவர், பின்பக்கம் முழுக்கத் தகரக் கூரை. இணைய இணைப்பு வந்து இறங்குவது முன்வாசலில். அக்கா டியூஷன் எடுப்பது கடைசி அறையில். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் அவர் வகுப்புகள் எல்லாம் இணையத்துக்கு மாறின. பிள்ளைகளுக்கு அக்காவின் முகம் உறைந்து போய்த்தான் தெரியும்.

முதலில், சிக்னலை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் ரிப்பீட்டர் இரண்டு வாங்கிப் போட்டேன். சிக்னல் வந்தது, நிம்மதி வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், உள்ளே போக ஒரு தனிப் பக்கம். முன்னால் ஒன்றை மாற்றினால் பின்னால் இருப்பதற்குத் தெரியாது. 2021 ஜூனில் அவற்றைக் கழற்றிவிட்டு, ஈசிமெஷ் முத்திரை உள்ள மூன்று மெஷ் பெட்டிகளை வாங்கினேன். மெஷ் என்றால் பல வைஃபை பெட்டிகள் சேர்ந்து ஒரே வலையாக இயங்குவது; வேறு வேறு நிறுவனப் பெட்டிகளும் ஒன்றோடொன்று பேச வகுத்த பொது விதிதான் ஈசிமெஷ். வேகம் கூடும் என்றுதான் வாங்கினேன். இத்தனை வருடத்தில் எனக்கு உண்மையில் கை கொடுத்தது வேகமல்ல, ஒரு விஷயத்தை ஒருமுறை சொன்னால் மூன்றும் கேட்டுக்கொள்வதுதான்.

அது நடக்கும் விதம் தெரிந்தால் பிரச்சினை வரும்போது பயம் இருக்காது. ஒரு பெட்டி தலைமை, மற்றவை துணை. புதிதாக வரும் துணைப் பெட்டி ‘இங்கே தலைமை யார்?’ என்று வலையில் கேட்கும். தலைமை பதில் சொன்னதும் துணை, செய்தியைப் பூட்டத் தன் சாவியையும் தன்னால் என்ன முடியும் என்ற விவரத்தையும் அனுப்பும். வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை எல்லாவற்றையும் தலைமை பூட்டி ஒரே செய்தியாகத் திருப்பி அனுப்பும். பிறகு நாம் ஏதாவது மாற்றினால் ‘புதுப்பித்துக்கொள்’ என்று ஒரு சின்ன அறிவிப்பு போகும். துணைப் பெட்டிகள் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். சும்மா இருக்கும் நேரத்தில் முழு விவரத்தையும் திரும்பத் திரும்ப அனுப்புவதில்லை. நான் இருக்கிறேன் என்ற குட்டிச் செய்தி மட்டும் 60 விநாடிக்கு ஒருமுறை. இதற்கு அடிப்படை 2013இல் வந்த மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇயின் 1905.1 தரநிலை, அதன்மேல் வைஃபை நிறுவனங்களின் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் 2018இல் ஈசிமெஷ்ஷை அமைத்தது.

இரண்டாவது வருடம் ஒரு தொல்லை வந்தது. டியூஷன் பிள்ளைகளுக்காக அறைச் சுவரில் கியூஆர் குறியீடு ஒட்டி வைத்திருந்தேன். யாரோ அதைப் படம் பிடித்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டார்கள். தெரிந்துகொள்ளுங்கள், சாதாரண வைஃபை கியூஆருக்குள் கடவுச்சொல் அப்படியே வெற்று எழுத்தாக இருக்கிறது. அந்தப் படம் கையில் இருந்தால் கடவுச்சொல் கையில் இருக்கிறது. அன்று கடவுச்சொல்லை மாற்றினேன். அரை நிமிடத்தில் மூன்று பெட்டியும் மாறிவிட்டன. ஆனால் கைப்பேசிகள், தொலைக்காட்சி, அச்சுப்பொறி, வாசல் கேமரா என்று 14 கருவிகளுக்கு நானேதான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கேமராவுக்கு ஏணி வைத்து ஏறினேன். பெட்டிகள் தங்களுக்குள்தான் பகிர்ந்துகொள்கின்றன, நம் கருவிகளுக்கு அல்ல. வாங்குகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அதிலிருந்து வெளியாட்களுக்கு, வீட்டு வலையிலிருந்து பிரித்துத் தனிப் பெயரில் வைத்த விருந்தினர் வலைதான். தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் “மாமா, வைஃபை என்ன?” என்று கேட்டால் அந்த கியூஆரை மட்டும் காட்டுவேன். ஆண்ட்ராய்டு 10 முதல் கைப்பேசியிலேயே அதை உருவாக்கிக் காட்டலாம்.

போன அக்டோபரில் ஒரு சாயங்காலம் இடி இறங்கியது. தலைமைப் பெட்டி கருகிவிட்டது. துணைப் பெட்டிகளில் விளக்கு எரிந்தது, இணையம் இல்லை. அக்கா பின்னாலிருந்து, “தம்பி, லைன் போச்சு, பிள்ளைங்க காத்திருக்காங்க!” என்றார். மறுநாள் அதே மாடலில் ஒன்று வாங்கி வந்து, பழைய பெயர், பழைய கடவுச்சொல், அதே பாதுகாப்பு வகை மூன்றையும் எழுத்துப் பிசகாமல் போட்டேன். எந்தக் கைப்பேசியும் வித்தியாசம் உணரவில்லை, கேமரா உட்பட எல்லாம் தானாக ஒட்டிக்கொண்டன. அந்த நிமிடம் எனக்கிருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

துணைப் பெட்டிகள் மட்டும் வரவில்லை. பெட்டிகள் தங்களுக்குள் பேச, நம் கண்ணில் படாத வேறொரு பெயரும் நீண்ட கடவுச்சொல்லும் வைத்திருக்கின்றன; அது பழைய தலைமையோடு போய்விட்டது. இரண்டையும் ரீசெட் செய்து, ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்திச் சேர்த்தேன். பொத்தான் அழுத்திய 2 நிமிடத்துக்குள் சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் யாரும் அதே நேரத்தில் அழுத்தாமல் இருப்பது நல்லது. பொத்தான் வழி சரி, ஆனால் எட்டு இலக்க ரகசிய எண்ணைக் (PIN) கொடுத்துச் சேர்க்கும் வழி இருந்தால் அணைத்துவிடுங்கள். 2011இல் வெளிவந்த ஓட்டை அது: எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம், பக்கத்து வீட்டு அண்ணனுக்காக வேறொரு நிறுவனத்தின் ஈசிமெஷ் பெட்டியை நான்காவதாகச் சேர்த்துப் பார்த்தேன். வலைப் பெயரை வாங்கிக்கொண்டது, விருந்தினர் வலையை வாங்கவில்லை. ஈசிமெஷ்ஷின் முதல் பதிப்பில் விருந்தினர் போக்குவரத்தைப் பிரிக்கும் ஏற்பாடு இல்லை. இரண்டாம் பதிப்பில்தான் வந்தது. பெட்டி அட்டையில் முத்திரை மட்டும் இருந்தது, பதிப்பு எண் இல்லை. கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால் ஒரே நிறுவனத்துப் பெட்டிகளாகவே வாங்குவது உத்தமம்.

இப்போது தலைமைப் பெட்டியின் அமைப்பு விவரங்களைக் கோப்பாக எடுத்து ஒரு பென்டிரைவில் வைத்திருக்கிறேன். பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய தாள் அம்மாவின் அலமாரியில், வீட்டுப் பத்திரத்தோடு. வானம் இருட்டினால் அம்மாவே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார். மழை விட்டுச் செருகினால் மூன்று நிமிடத்தில் மூன்றும் சேர்ந்துகொள்கின்றன.