வானத்தின் ஆணையா, ஐந்து சக்திகளின் சுழற்சியா? சீன அரச வம்சங்களின் வீழ்ச்சியைப் படிக்க எது உதவும்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் பண்டைய சீனாவைப் பற்றித் தொடர்ந்து பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஷாங் போய் ஜோ, ஜோ போய் சின், சின் போய் ஹான் என்று சொல்லிக்கொண்டே போகலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் "ஏன் விழுந்தது?" என்று யாராவது கேட்பார்கள். வரி, பஞ்சம், படை என்று நாம் இன்று சொல்லும் காரணங்கள் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் காலத்து மனிதர்கள் தங்கள் வீழ்ச்சியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு இரண்டு பெரிய விளக்கங்கள் உண்டு. வானம் ஒரு குலத்துக்கு ஆளும் ஆணையைக் கொடுக்கிறது, தகுதி போனால் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பது ஒன்று. மண், மரம், உலோகம், நெருப்பு, நீர் என்ற ஐந்து சக்திகள் முறைவைத்து ஆள்கின்றன என்பது மற்றொன்று. நான் முதலாவதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

பழமை என்று பார்த்தால் போட்டியே இல்லை. ஆணை பற்றிய பேச்சு ஜோ வம்சத்தின் தொடக்கக் காலத்து வெண்கலப் பாத்திரங்களிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஐந்து சக்திகளை அரச வம்சங்களோடு பொருத்தியவராகச் சொல்லப்படும் ட்சௌ யான் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்காரர். இதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். கிடைத்த அதிகாரத்தைக் காப்பாற்ற அரசன் என்ன செய்ய வேண்டும் என்று இந்த இரண்டு விளக்கங்களிடமும் கேட்டுப் பார்த்தேன்.

கி.மு. 1046 வாக்கில் மூயே என்ற இடத்தில் ஜோ மன்னர் வூ, ஷாங் வம்சத்தின் கடைசி அரசனைத் தோற்கடித்தார். ஜோ அதுவரை மேற்கே இருந்த சிறிய அரசு. பெரிய குலத்தைச் சின்னவன் வீழ்த்தியதற்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது. வானம் யாருக்கும் உறவுக்காரன் இல்லை, ஷாங் கெட்டுப்போனதால் ஆணை எங்களிடம் வந்தது என்றார்கள். சரி, வென்றவன் எல்லோரும் சொல்வதுதானே? ஆனால் இந்த நியாயத்துக்குள் ஜோவுக்கே ஒரு பொறி இருந்தது. ஷாங்கிடமிருந்து போனது நாளை ஜோவிடமிருந்தும் போகலாம். அவர்கள் அதை மறைக்கவில்லை. வூவின் தந்தை மன்னர் வென்னைப் போற்றும் பழம்பாடலிலேயே ஆணை நிலையானதல்ல, ஷாங்கின் கதியைப் பார்த்துக்கொள், அதைக் காப்பது எளிதல்ல என்று எச்சரிக்கை வருகிறது. மூன்றாவது மன்னர் காங் காலத்தைச் சேர்ந்த ஒரு பெரிய வெண்கலக் கொப்பரையில், ஷாங் அதிகாரிகள் குடியில் மூழ்கியதால்தான் எல்லாம் போனது என்று யூ என்ற அதிகாரிக்குச் சொல்லப்படுகிறது. குடி, சடங்கு, தண்டனை, குடிமக்களின் நிலை எல்லாமே இந்தப் பராமரிப்புக் கணக்கில் வந்துவிடுகின்றன.

கணக்கு இருந்தால் கேள்வியும் வரும். தன் அரசனைக் குடிமகன் கொல்லலாமா என்று ச்சி நாட்டு மன்னர் கேட்டபோது கன்பூசிய அறிஞர் மென்சியஸ், ஷாங்கின் கடைசி அரசனைக் குறித்துச் சொன்ன பதில் பிரபலம்: ஒரு தனி ஆளைக் கொன்றதாகத்தான் கேள்விப்பட்டேன், அரசனைக் கொன்றதாக இல்லை. அறம் தவறிய நொடியிலேயே அவன் அரசன் இல்லாமல் போய்விட்டான் என்று அர்த்தம்.

ஹான் மன்னர் ஜிங் (கி.மு. 157–141) முன்னால் நடந்த ஒரு விவாதத்தில் இதன் கூர்மை அப்பட்டமாகத் தெரியும். தொப்பி எவ்வளவு கிழிந்தாலும் தலையில்தான் இருக்க வேண்டும், செருப்பு எவ்வளவு புதிதானாலும் காலில்தான் இருக்க வேண்டும், ஆகவே பழைய அரசர்களை வீழ்த்தியவர்கள் கொலைகாரர்கள்தான் என்றார் ஹுவாங் ஷெங் என்ற அறிஞர். அப்படியானால் நம் முதல் மன்னர் சின் வம்சத்தை வீழ்த்தி அரியணை ஏறியதும் தவறா என்று திருப்பிக் கேட்டார் யுவான் கூ என்ற இன்னொரு அறிஞர். மன்னருக்கு எந்தப் பக்கம் போனாலும் ஆபத்து. ஆணை பறிபோகும் என்று ஒப்புக்கொண்டால் தன் நாற்காலி ஆடும், ஒப்புக்கொள்ளாவிட்டால் தாத்தா திருடன் ஆவார். குதிரை ஈரலைச் சாப்பிடாததால் மாமிசத்தின் ருசி தெரியாதவன் என்று ஆகிவிடாது என்று சொல்லி மன்னர் பேச்சை முடித்துவிட்டார். குதிரை ஈரல் விஷம் என்பது அக்கால நம்பிக்கை. அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசத் துணியவில்லை. ஆள்பவனையே இப்படி நெளியவைக்கும் ஒரு கருத்து, எனக்கு ஐந்து சக்திகளில் கிடைக்கவில்லை.

ஐந்து சக்திகள் என்றதும் நம்மவர்கள் ஐம்பூதங்களை நினைப்பார்கள். அது வேறு, இதில் காற்றும் ஆகாயமும் கிடையாது. ஒன்றை ஒன்று வெல்லும் வரிசை இது. புராணகால மஞ்சள் பேரரசர் மண், ஷாங்குக்கு முந்தையதாகச் சொல்லப்படும் ஷியா வம்சம் மரம், ஷாங் உலோகம், ஜோ நெருப்பு. அடுத்து நீர்தான் வர வேண்டும். கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய சின் பேரரசர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். உடையும் கொடியும் கறுப்பு, எண் ஆறு, தேருக்கு ஆறு குதிரை, ஆண்டின் தொடக்கம் பத்தாம் மாதம், மஞ்சள் ஆற்றுக்குக்கூட நீரின் சக்தி என்ற பொருளில் புதுப் பெயர். பராமரிப்பு அவ்வளவுதான்! சாயமும் நாட்காட்டியும் சரியாக இருந்தால் போதும். பதினைந்து ஆண்டுகளில் அந்த வம்சம் போய்விட்டது, அதற்கு இந்த விளக்கத்திடம் நல்ல பதில் இல்லை.

ஹான் கதை இன்னும் வேடிக்கை. முதலில் நீர் என்றார்கள். கி.மு. 104இல் ஹான் மன்னர் வூ அதை மண் ஆக்கி மஞ்சளுக்கு மாறினார். கி.பி. 26இல், ஹான் ஆட்சியை மீட்டெடுத்த மன்னர் குவாங்வூ நெருப்பு என்று அறிவித்து சிவப்பைப் பிடித்தார். ஒரே குலத்துக்கு மூன்று சக்தி. நடுவில் லியூ ஷின் என்ற அறிஞர் வெல்லும் வரிசையை விட்டு, ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கும் வரிசையைப் பொருத்தினார். அதில் நெருப்பாக இருந்த ஜோ மரமாகிவிட்டது, சின் கணக்கில் சேராத இடைச்செருகல் ஆனது. நெருப்பு மண்ணைப் பெறுவதால், கி.பி. 9இல் ஹான் அரியணையை எடுத்துக்கொண்ட வாங் மாங் தன்னை மண் என்று சொல்லி அமைதியாகக் கைமாறியதாகக் காட்டிக்கொள்ள வசதியாயிற்று. வாளால் பிடித்தால் ஒரு வரிசை, சூழ்ச்சியால் பிடித்தால் இன்னொரு வரிசை!

வானத்தின் ஆணையிலும் ஓட்டை உண்டு. ஷாங்கின் கடைசி அரசன் முன்னோர் வழிபாட்டைக் கைவிட்டான் என்று ஜோ தரப்பு குற்றம்சாட்டியது. ஆனால் ஷாங்கின் கடைசித் தலைநகர் இருந்த அன்யாங்கில் கிடைத்த பிற்கால எலும்பெழுத்துகளில் (குறி கேட்க எலும்புகளில் பொறித்தவை), முன்னோர்களுக்கான பலிச் சடங்குகள் முறைப்படி சுழற்சியாக நடந்தது தெரிகிறது. குற்றப்பத்திரிகை எழுதியவர்கள் வென்றவர்கள் என்பதை மறக்கக் கூடாது. பராமரிப்புச் செலவை அடுத்தவர் தலையில் கட்டுவதும் நடந்தது. கி.மு. 178இல் சூரிய கிரகணம் வந்தபோது ஹான் மன்னர் வென், குறை என்னுடையது, வெளிப்படையாகக் கண்டியுங்கள் என்று ஆணை பிறப்பித்தார். கி.மு. 7இலோ, செவ்வாய்க் கோளின் நிலை சரியில்லை என்று சொல்லி முதலமைச்சர் ஜாய் ஃபாங்ஜினைத் தற்கொலைக்குத் தள்ளினார் மன்னர் செங். சிறிது காலத்திலேயே மன்னரும் இறந்துபோனார்.

வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். வானத்தின் போக்கு மாறாதது, நல்ல அரசனுக்காக அது இருப்பதில்லை, கெட்டவனுக்காக அழிவதுமில்லை என்றார் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கன்பூசிய அறிஞர் ஷுன்ட்ஸி. எனக்குப் பிடித்த குரல்தான். ஆனால் வம்சங்கள் தங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டன என்று புரிந்துகொள்ள அது உதவவில்லை.

ஜோ முதல் ஹான் வரை என்றால் என் பரிந்துரையில் எனக்குச் சந்தேகமில்லை. ஐந்து சக்திகளை உடை நிறம், ஆண்டுப் பெயர் (மன்னர் தன் ஆட்சி ஆண்டுகளுக்குச் சூட்டும் பெயர்) போன்றவற்றைப் படிக்கும் சாவியாக வைத்துக்கொள்ளலாம். கி.பி. 184இல் கலகம் செய்தவர்கள் ஏன் மஞ்சள் தலைப்பாகை கட்டினார்கள், 220இல் ஹானின் கடைசி மன்னரைப் பதவி விலகச் செய்த ட்சாவ் பி தன் முதல் ஆண்டுப் பெயருக்கு ஏன் 'மஞ்சள் தொடக்கம்' என்று வைத்தார் என்பதற்கெல்லாம் அதுதான் வழிகாட்டும். ட்சாவ் பி ஆணை பற்றியும் பேசினார், மண்ணின் முறை வந்துவிட்டது என்றும் பேசினார். அதற்குப் பின்வந்த நூற்றாண்டுகளில் என் வாசிப்பு மேலோட்டமானது. வடக்கே அந்நியக் குலங்கள் ஆண்ட காலத்துக்கும் இதே தேர்வு பொருந்துமா என்பதை அந்தக் காலத்தை ஆழமாகப் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.