பவளத் தொட்டிக்கு பயோபெல்லட்: பாக்கெட்டா, மூட்டையா?

கடல்நீர்ப் பவளத் தொட்டியில் நைட்ரேட்டை இறக்க பயோபெல்லட், அதாவது பாக்டீரியா தின்னக்கூடிய பிளாஸ்டிக் மணி, நன்றாகவே வேலை செய்கிறது. பாஸ்பேட்டுக்கு அதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். எதனால் செய்தது என்று எழுதாத பெல்லட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் பணமும் பவளமும் போவது அந்தக் கடைசி விஷயத்தில்தான் என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைய இருந்தும் பாக்டீரியா பெருகாததற்குப் பெரும்பாலும் கார்பன் பற்றாக்குறைதான் காரணம். வோட்காவோ வினிகரோ ஊற்றுகிறவர்கள் அந்தக் கார்பனைத் திரவமாகக் கொடுக்கிறார்கள், பெல்லட் அதையே கெட்டியாகக் கொடுக்கிறது. பெல்லட் மணிகளின் மேல் பாக்டீரியா படலம் கட்டி, பிளாஸ்டிக்கைத் தின்று, நீரில் உள்ள சத்துகளை இழுத்துக்கொள்கிறது. உரிந்து வரும் படலத்தை ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) வெளியே எடுத்துவிடுகிறது. தினமும் அளந்து ஊற்றும் வேலை இல்லை, அதுதான் பெரிய வசதி.

சரி, எந்தப் பிளாஸ்டிக்? நல்ல பெல்லட் பெரும்பாலும் பிஎச்ஏ (பாலிஹைட்ராக்சி அல்கனோயேட்) குடும்பம், குறிப்பாக பிஎச்பி (பாலிஹைட்ராக்சி பியூட்டிரேட்). பாக்டீரியாவே தன் உடலுக்குள் சேமிப்பாக வைத்துக்கொள்ளும் பொருள் அது, 1926-இல் மொரீஸ் லெமுவான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டறிந்தது. அதனால்தான் மற்ற பாக்டீரியாக்களும் அதைச் சாதாரண நீர்ச் சூட்டிலேயே தின்றுவிடுகின்றன. அடுத்தது பிசிஎல் (பாலிகாப்ரோலாக்டோன்). பெட்ரோலியத்திலிருந்து வந்தாலும் இதையும் அவை தின்னும். பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) மட்டும் ஆகாது, 25 டிகிரி தண்ணீரில் அது ஏறக்குறைய அப்படியே கிடக்கும், ஒழுங்காகச் சிதைய உரக்கிடங்கின் 60 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஆனால் மூன்றின் மேலும் ஒட்டியிருப்பது ஒரே வார்த்தை: மக்கும் பிளாஸ்டிக்.

இங்கேதான் பிளாஸ்டிக் ஆலைகளுக்குப் போகும் மூட்டைச் சரக்கு ஆசை காட்டுகிறது. அதே பொருள்தானே, எதற்குத் தொட்டிக்கென்று விற்கும் பாக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, கலப்பில்லாத பிளாஸ்டிக் பிசினாக இருந்தால் அதில் தவறும் இல்லை. ஆனால் பிஎச்பி தனியாக எளிதில் நொறுங்கும், அச்சில் வார்க்கும்போது மெதுவாகத்தான் படிகமாகும், ஆகவே வார்ப்புத் தரச் சரக்கில் டால்க், போரான் நைட்ரைடு, பிளாஸ்டிசைசர் (இளக்கும் பொருள்), நிறமி என்று ஏதாவது சேர்ந்திருக்கும். ஒரு பையிலோ கோப்பையிலோ இவை பிளாஸ்டிக்குக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். நம் ரியாக்டரில் (பெல்லட்டைப் போட்டு நீரை ஓட்டும் குழாய்க் கலன்) அந்தப் பிளாஸ்டிக்கே தின்னப்படுகிறது, உள்ளே இருந்தது எல்லாம் தண்ணீரில்தான் வந்து சேரும். உணவு வைக்க உகந்தது என்ற சான்றிதழைக் காட்டினாலும் இதே பிரச்சினைதான், அந்தச் சோதனை பாத்திரம் முழுசாக இருக்கும் என்ற கணக்கில் செய்வது.

மட்கும் தரச் சான்று இருக்கிறதே என்பார்கள். ஐரோப்பிய இஎன் 13432 தரம் ஒரு கிலோ உலர்பொருளில் 50 மில்லிகிராம் செம்பும் 150 மில்லிகிராம் துத்தநாகமும் வரை அனுமதிக்கிறது. உரத்துக்கு அது ஒன்றுமில்லை. செம்பு அந்த உச்ச வரம்பில் இருக்கும் அரைக் கிலோ பெல்லட் 200 லிட்டர் தொட்டியில் முழுக்கக் கரைந்தால் 25 மில்லிகிராம் செம்பு, அதாவது லிட்டருக்கு 0.125 மில்லிகிராம். மீனுக்கு மருந்தாகப் போடும் அளவை இது எட்டிப் பார்க்கிறது. இறால், நத்தை, பவளம் எதற்கும் அது ஆகாது. ஒரே நாளில் கரையப் போவதில்லை, ஸ்கிம்மரும் கொஞ்சம் எடுக்கும், எல்லாப் பெல்லட்டிலும் இவ்வளவு செம்பு இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. சான்றிதழ் எதற்காகக் கொடுத்தது என்பதைப் பாருங்கள், அவ்வளவுதான்.

விற்பவரிடம் பாதுகாப்புத் தாள் (பொருளின் ஆபத்துகளைச் சொல்லும் எஸ்டிஎஸ்) கேட்டால் அனுப்புவார்கள், ஆனால் அதில் வருவது ஆபத்தானவை என்று வகைப்படுத்தியவை மட்டும், அதுவும் பொதுவாக 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால். "சேர்ப்புப் பொருள் எதுவும் இல்லை" என்று எழுத்தில் கேளுங்கள். நான் வாங்கிய ஒரு பாக்கெட்டில் குருணை ஒரே அளவாக அழகாக இருந்தது, தூசியும் குறைவு, ஆனால் உள்ளடக்கம் என்ற இடத்தில் "இயற்கைப் பாலிமர்" என்பதைத் தாண்டி ஒரு சொல் கிடையாது. மணி நன்றாக இருந்தாலும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டிலேயே கொஞ்சம் சோதிக்கலாம். ஊறவைத்து காற்றுக் குமிழ் போன பிறகும் உப்புநீரில் மிதந்தால் அது பாலிஎத்திலீன் போன்ற ஏதோ ஒன்று, தூக்கிப் போடுங்கள். மூழ்கினால் மட்டும் நல்லது என்று அர்த்தமில்லை, பிஎல்ஏவும் மூழ்கும். 70 டிகிரி வெந்நீரில் பிசிஎல் கண்ணாடி போலத் தெளிந்து இளகும், பிஎச்பிக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம், தனி வாளியில் காற்றோட்டத்துடன் சில வாரம் ஊறவைத்து அந்த நீரில் ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சுகளை விட்டுப் பாருங்கள், முடிந்தால் நீரில் உள்ள உலோகங்களை அளக்கும் ஐசிபி ஆய்வகச் சோதனைக்கும் அனுப்புங்கள். நிறம் போட்ட மணி வேண்டவே வேண்டாம்.

ஓட்டும் விதத்தில் இரண்டு விஷயம்தான் முக்கியம். சொன்ன அளவில் கால் பங்கில் ஆரம்பியுங்கள், எடுத்த எடுப்பில் முழுவதும் போட்டால் நீர் பால் போல் கலங்கும், ஆக்சிஜன் இறங்கும். மணிகள் எப்போதும் மெல்லப் புரண்டுகொண்டே இருக்க வேண்டும், வெளிவரும் நீர் ஸ்கிம்மர் வாயருகே போக வேண்டும். பம்ப் சில மணி நேரம் நின்றிருந்தால் ரியாக்டர் நீரைக் கொட்டிவிட்டுத்தான் திரும்ப ஓட்ட வேண்டும், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு.

பாஸ்பேட் ஏன் நிற்கிறது என்றால், கடல் நுண்ணுயிர்களின் சத்து விகிதமான ரெட்ஃபீல்ட் விகிதப்படி, அணுக் கணக்கில், ஒரு பங்கு பாஸ்பரசுக்கு 16 பங்கு நைட்ரஜன் வேண்டும். நைட்ரேட் முதலில் தீர்ந்துவிட்டால் பாஸ்பேட்டை எடுக்க ஆளில்லை. அதற்கு இரும்பு ஆக்சைடு ஊடகம் தனியாக வையுங்கள், நைட்ரேட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், பவளம் வெளுக்கும். ஸ்கிம்மரே இல்லாத சின்னத் தொட்டிக்கு இதெல்லாம் வேண்டாம், நீர் மாற்றமே போதும்.