மாப்போ தோஃபுவா, ஆவியில் வெந்த மீனா?

வாளையார் தாண்டிப் பாலக்காட்டில் சிச்சுவான், கான்டனீஸ் என்ற இரண்டு சீன வட்டாரச் சமையலும் கிடைக்கும் உணவகத்தில் உட்கார்ந்தால், மெனுவில் எந்தப் பக்கம் போவது என்பதுதான் குழப்பம்.

சிச்சுவான் மாப்போ தோஃபு என்பது சோயா பனீரைக் காரக்குழம்பில் போட்டுச் சமைப்பது. அதில் காரம் மட்டுமில்லை. ஒரு வாய் வைத்ததும் உதட்டோரம் குறுகுறுக்கும், அப்புறம் நாக்கு மரத்துப்போகும். எல்லாம் சிச்சுவான் மிளகின் வேலை. பெயர்தான் மிளகு, நம்ம கொடிமிளகுக்கு உறவில்லை, எலுமிச்சைக் குடும்பம். கொங்கணிக்காரர்கள் மீன்குழம்பில் போடும் திர்பல் அதற்குப் பங்காளி. தள்ளுவண்டி 'செஷ்வான்' சாஸில் பெரும்பாலும் இந்த மிளகே இருக்காது. அந்த சாஸ் ருசியை எதிர்பார்த்துப் போனால் திகைப்பீர்கள். சைவக்காரர்கள் கேட்டுக்கொள்ளுங்கள், வழக்கமாக மாப்போ தோஃபுவில் கொத்துக்கறியும் சேரும்.

கான்டனீஸ் மீன் நேர் எதிர். முழுசாக ஆவியில் வேகவைத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, காய்ந்த எண்ணெயைச் சுர்ரென்று ஊற்றி, கொஞ்சம் சோயா சாஸ். அவ்வளவுதான். மசாலா இல்லாததால் பழைய மீன் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

வெறும் சோற்றோடு சாப்பிட என் ஓட்டு மாப்போவுக்கு. குழந்தைகளும் பெரியவர்களும் கூட வந்தால் மீன். இரண்டுமே சொன்னால் மீனை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். மரத்த நாக்குக்கு அதன் ருசி பிடிபடாது.