லீவுக்குப் போன இடத்துல ஐசியூ வாசல்

மூணு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனது தங்கச்சி பிரசவத்துக்கு, பாதி லீவு ஐசியூ வாசல்லயே ஓடிப்போச்சு. பாப்பா மூணு கிலோ, பொறந்தப்ப நல்லாதான் அழுதா, மறுநாள் காலைல பார்த்தா உதடு நீலம். பிரசவம் பார்த்த இடத்துல குளிருக்கு அப்படித்தான் இருக்கும், நல்லா போர்த்துங்கன்னுட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஆக்சிஜன் அளவு பாருங்கன்னு ரெண்டு தடவை கேட்டேன், மொறைச்சாங்க. மூணாவது தடவை ஒரு நர்ஸம்மா வந்து பாதத்துல பட்டை சுத்தினாங்க, அந்தச் சிவப்பு லைட் தோலைத் தாண்டி தெரியுது, 74. ஆக்சிஜன் வெச்சும் 76ஐ தாண்டல. நுரையீரல் கோளாறுன்னா பெரும்பாலும் ஏறிடுமாம், ஏறலன்னா இதயத்தைத்தான் சந்தேகப்படணுமாம், டாக்டர் மூஞ்சி அப்பதான் மாறுச்சு.

இதயத்தை ஸ்கேன் பண்ற எக்கோல தெரிஞ்சிடுச்சு. இதயத்துல இருந்து உடம்புக்குப் போற பெரிய ரத்தக் குழாயும் நுரையீரலுக்குப் போறதும் இடம் மாறி முளைச்சிருக்கு. கெட்ட ரத்தம் உடம்பையே சுத்துது, நல்ல ரத்தம் நுரையீரலையே சுத்துது, இதயத்து நடுவுல இருக்கிற ஓட்டையும், அந்த ரெண்டு குழாயையும் இணைக்கிற டக்டஸ்ங்கிற சின்னக் குழாயும் மூடாத வரைக்கும்தான் உயிரு. சில ஆயிரம் குழந்தைல ஒண்ணுக்கு வருமாம். அஞ்சாம் மாச ஸ்கேன் நார்மல்னு தங்கச்சி அழுதா. இதுல நாலு அறையும் சரியாத்தான் தெரியுமாம், வெளிய போற குழாயையும் தனியா பார்த்தாதான் சிக்கும்.

டக்டஸ் மூடாம இருக்க ப்ரோஸ்டாகிளாண்டின்னு ஒரு மருந்து டிரிப் போட்டு ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்க. அந்த மருந்தாலயே குழந்தை மூச்சை நிறுத்திடலாம்னு கூட வந்த நர்ஸ் வழி பூரா கையால அமுக்கி மூச்சு கொடுக்கிற ஆம்பு பேக்கை மடியில வெச்சுட்டு நெஞ்சையே பார்த்துட்டு வந்தாங்க, ஒரு தடவை கூட ஜன்னல் பக்கம் திரும்பல.

பெரிய ஆஸ்பத்திரில அன்னிக்கு ராத்திரியே பலூன் விட்டு ஓட்டையைப் பெருசாக்கினாங்க, ஆக்சிஜன் அளவு 85. ஒன்பதாம் நாள் ரெண்டு குழாயையும் சரியான இடத்துக்கு மாத்தற ஸ்விட்ச் ஆபரேஷன். 1975ல ஜடேன்னு ஒரு பிரேசில் டாக்டர் முதல்ல ஜெயிச்சுக் காட்டினது. குழாயை மாத்தறதை விட இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற, ரெண்டு மில்லிமீட்டர் கூட தேறாத கரோனரி குழாயை பிச்சு ஒட்டறதுதான் கஷ்டமாம். "ரொம்ப தள்ளிப் போட முடியாது சார், இதயத்தோட இடது பக்கத் தசை மெலிஞ்சிடும்"னார் சர்ஜன். ஒண்ணும் செய்யலன்னா பத்துல ஒன்பது குழந்தை ஒரு வருஷம் தாண்டாது, நல்ல சென்டர்ல நேரத்துக்குப் போனா நூத்துக்கு 95க்கு மேல பொழைக்குது. அங்க போய்ச் சேர்றதுக்குள்ள போற குழந்தைங்க இந்தக் கணக்குல வராது, அதான் உறுத்துது.

நான் கிளம்பற அன்னிக்கு பாப்பா வார்டுக்கு வந்துட்டா. கால்ல அதே பட்டை, 98. கரோனரி எப்படி இருக்குன்னு வாழ்நாள் பூரா செக்கப் போகணுமாம்.