டைனாகோ எஸ்டி-70: முன்னால் எந்த ப்ரீஆம்ப், பின்னால் எந்த ஸ்பீக்கர்?

1959-ல் அமெரிக்காவில் டேவிட் ஹாஃப்லரின் டைனாகோ நிறுவனம் கிட்டாக (வாங்குபவரே கோக்கும் பாகங்களாக) விற்க ஆரம்பித்த வால்வு பவர் ஆம்ப் ஸ்டீரியோ 70, சுருக்கமாக எஸ்டி-70, இன்றைக்கும் பழைய சாமான் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இடது, வலது என்று பக்கத்துக்கு 35 வாட். வால்வுகள்: நாலு ஈஎல்34, இரண்டு 7199, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு ஒரு ஜிஇசட்34. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்கள் இந்த விலைக்கு இன்னும் யாராலும் எளிதில் தர முடியாத தரம். "பாஸ் தளதளன்னு இருக்கு", "வால்யூமைத் தொட்டாலே அலறுது", "இரைச்சல் தாங்கல" என்று இதைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி ஆம்பின் குற்றம் இல்லை. அதோடு மாட்டியதன் குற்றம்.

முதலில் ஆம்ப் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். சேசிஸுக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடுகிறது. அணைத்த பிறகும் கண்டன்சரில் தேங்கி நிற்கும். கை வைக்கும் முன் வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பக்கத்து ஆக்டல் (எட்டு முனை) சாக்கெட்டுகளிலும் அதே ஹைவோல்ட்டேஜ் வருகிறது. அந்தக் காலத்து பாம்-1 ப்ரீஆம்ப் (ஆம்புக்கு முன்னால் வால்யூமையும் இன்புட்டையும் மாற்றும் பெட்டி) ஆம்பிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்வதற்காக வைத்தது அது. இன்று அதற்கு வேலையில்லை, ஆனால் வெறும் துளையாகத் திறந்து கிடக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூடி வைப்பதே புத்தி.

பயாஸ், அதாவது பாட்டு ஓடாதபோதும் அவுட்புட் வால்வில் ஓடும் கரண்ட்டின் அளவு, அளக்கும் இடமும் அந்த சாக்கெட்டுகளில்தான். மேனுவல் சொல்வது 1.56 வோல்ட். உள்ளே பக்கத்துக்கு 15.6 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அந்தப் பக்கத்து இரண்டு வால்வும் சேர்ந்து 100 மில்லிஆம்ப், தலைக்கு 50. ஒரே ரெசிஸ்டரை இரண்டு வால்வு பங்கு போடுவதால் ஒன்று 65-ம் மற்றது 35-ம் இழுத்தாலும் மீட்டர் சமர்த்தாக 1.56 காட்டும். அப்போது ஹம்மும் வரும், பாஸும் மெலியும். பழி ஸ்பீக்கர் மேல் விழும். எனவே ஜோடி சேர்த்த ஈஎல்34 மட்டும் வாங்குங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாக 10 ஓம் ரெசிஸ்டரும் தனி பயாஸ் பாட்டும் (திருகி அளவை மாற்றும் பொட்டென்ஷியோமீட்டர்) போட்டுவிட்டால் 0.5 வோல்ட் என்றால் 50 மில்லிஆம்ப் என்று நேரடியாகப் படிக்கலாம். வால்வு நாள்பட உழைக்க 0.4 முதல் 0.45 வரை போதும். பயாஸ் சப்ளையில் இருக்கும் செலினியம் ரெக்டிஃபையரை யோசிக்காமல் கழற்றி சிலிக்கான் டயோடு போடுங்கள். அது சோர்ந்தால் ஈஎல்34 சிவந்து சாகும். 7199 கிடைப்பதுதான் இப்போது பாடு. 6யூ8ஏ, 6ஜிஎச்8ஏ வேலை செய்யும் என்றாலும் பின் வரிசை வேறு. அடாப்டர் இல்லாமல் செருகக்கூடாது.

நம் ஊர் 230 வோல்ட்டில் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க மாடலின் பவர் டிரான்ஸ்ஃபார்மர் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது. நம்மிடம் 50 ஹெர்ட்ஸ். கோர் அதிகம் திணறும், இன்னும் சூடாகும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் 120-ஐ விட 110 வோல்ட் எடுப்பதே நல்லது. வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் வோல்ட்டேஜ் 6.3-லிருந்து சுமார் 5.9-க்கு இறங்கும், வால்வுகள் தாங்கும். 500 விஏ உள்ளது வாங்குங்கள், மூன்று பின் பிளக் போட்டு சேசிஸை எர்த் பண்ணுங்கள்.

இப்போது ப்ரீஆம்ப். இங்கேதான் பலர் காசைக் கரைக்கிறார்கள். எஸ்டி-70 முழு 35 வாட்டையும் தர அதன் வாயில் 1.3 வோல்ட் போதும். சிடி ப்ளேயரோ டாக்கோ (டிஜிட்டல் இசையை ஒலி சிக்னலாக்கும் பெட்டி) தருவது 2 வோல்ட். அதாவது ப்ரீஆம்பே இல்லாமல் ஆம்பை முட்ட ஓட்டும் அளவு சிக்னல் கையில் இருக்கிறது. இதற்கு நடுவில் 20 டெசிபல், அதாவது பத்து மடங்கு கூட்டும் ப்ரீஆம்பை வைத்தால் என்ன ஆகும்? வால்யூம் முள் எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். வால்யூம் கண்ட்ரோலின் அடிப்பகுதியில் இடது வலது சமமாக இருக்காது; பாடகர் ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்பார். ப்ரீஆம்பின் சொந்த இரைச்சலும் குறையாமல் ஆம்புக்குப் போய்ச் சேரும்.

டைனாகோவின் சொந்தத் துணையான பாஸ்-3 (PAS-3) ப்ரீஆம்ப் இந்த வகைதான். நாலு 12ஏஎக்ஸ்7, ஒரு 12எக்ஸ்4, லைன் ஸ்டேஜில் சுமார் 20 டெசிபல் கெயின் (சிக்னலைக் கூட்டும் அளவு). டியூனரும் டேப் ரெக்கார்டரும் கால் வோல்ட், அரை வோல்ட் தந்த காலத்துக்கு அது சரி. இசைத்தட்டு கேட்பவருக்கு இன்றும் அது நியாயமான துணை. வாங்கினால் 1966-ல் வந்த பாஸ்-3எக்ஸ் பார்த்து வாங்குங்கள், டோன் கண்ட்ரோலை நடுவில் வைத்தால் அது பாதையிலிருந்தே விலகிக்கொள்ளும். சிடி, டாக் மட்டும் கேட்பவர் அழகுக்காக பாஸ்-3 வாங்குவது வீண்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஆம்பின் உள்ளே, இன்புட் ஜாக்குக்கு அருகில், பக்கத்துக்கு 100 கிலோஓம் சீரிஸிலும் 33 கிலோஓம் எர்த்துக்கும் போடுங்கள். எஸ்டி-70-இன் 470 கிலோஓமும் சேர்ந்து சுமார் 12.5 டெசிபல் குறையும். வால்யூம் முள் பன்னிரண்டு மணிக்கு அருகே வரும். இதே ரெசிஸ்டர்களை ப்ரீஆம்ப் முனையில் போட்டு மூன்று மீட்டர் கேபிள் இழுத்தால் கேபிளின் 300 பிக்கோஃபாரட் மேல் ஸ்தாயியைத் தின்றுவிடும்; 22 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் விழும், ஜால்ராவின் பளபளப்பு மங்கும். இடம் முக்கியம்.

புதிதாக வாங்குபவருக்கு எங்கள் தேர்வு கெயின் இல்லாதது. நல்ல 10 கிலோஓம் வால்யூம் பாட் போட்ட பாஸிவ் பெட்டியே (சிக்னலைக் குறைக்க மட்டும் செய்வது) போதும். அதன் மோசமான நிலையில் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஓமில் அளக்கும் எதிர்ப்பு) 2.5 கிலோஓம், 470 கிலோஓம் இன்புட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 100 கிலோஓம் பாட் மட்டும் வேண்டாம். அது 25 கிலோஓம் வரை ஏறும், மேலே சொன்ன கேபிள் வியாதி வந்து சேரும். ரிமோட்டும் பல இன்புட்டும் வேண்டுமென்றால் ஷீட் ஃப்ரேயா பிளஸ் வகை ப்ரீஆம்ப்: பாஸிவ், பஃபர் (கூட்டாமல் சிக்னலுக்கு வலு மட்டும் தருவது), நாலு மடங்கு கெயின் மூன்றையும் பட்டனில் மாற்றிக் கேட்கலாம். இந்த ஆம்போடு முதல் இரண்டு போதும்.

இரண்டு பொறிகள். எஸ்டி-70-இன் இன்புட்டில் கண்டன்சர் கிடையாது, ஜாக் நேராக 7199-இன் கிரிட்டுக்கு (சிக்னலை வாங்கும் முனை) போகிறது. டிசி கசியும் ப்ரீஆம்பை மாட்டினால் முதல் வால்வின் நிலையே புரண்டுவிடும். மாட்டும் முன் ப்ரீஆம்ப் அவுட்புட்டில் மீட்டர் வைத்துப் பாருங்கள், சில மில்லிவோல்ட்டுக்கு மேல் டிசி இருந்தால் மாட்டாதீர்கள். அடுத்தது சப்வூஃபர். வால்வு ப்ரீஆம்பின் அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் இருந்தால், எஸ்டி-70 மட்டும் இருக்கும்போது பாஸ் 3.4 ஹெர்ட்ஸ் வரை போகும். அதே அவுட்புட்டில் 10 கிலோஓம் இன்புட் கொண்ட சப்வூஃபரை வொய் கேபிளில் கோத்தால் 160 ஹெர்ட்ஸிலேயே பாஸ் சரியும். பாஸ் கூட்ட வாங்கியது பாஸை விழுங்குவது இப்படித்தான்.

ஸ்பீக்கர் விஷயத்தில் வாட்டை விட ஓம் முக்கியம். எஸ்டி-70-இன் டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் ஓமை ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸால் வகுத்தால் வருவது) சுமார் 15. எட்டு ஓமில் அவுட்புட் இம்பீடன்ஸ் அரை ஓமுக்குச் சற்று மேல். 3 ஓமுக்கும் 30 ஓமுக்கும் இடையே ஏறி இறங்கும் ஸ்பீக்கரில் இது ஒன்றேகால் டெசிபல் அளவு சாய்வை உண்டாக்கும். காது கண்டுபிடிக்கும், ஆனால் கெடுக்காது. 3 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் உள்ள சிங்கிள் எண்டட் (ஜோடியாக இல்லாமல் ஒற்றை வால்வு ஓட்டும்) ஆம்பில் அதே ஸ்பீக்கர் 5 டெசிபலுக்கு மேல் ஆடும்.

விளம்பரத் தாளில் ஏமாறுவது சென்சிடிவிட்டியில், அதாவது கொடுக்கும் சிக்னலுக்கு ஸ்பீக்கர் எழுப்பும் சத்தத்தில். "87 டெசிபல், 2.83 வோல்ட்" என்று போட்டிருக்கும் 4 ஓம் ஸ்பீக்கர் அந்த வோல்ட்டேஜில் 2 வாட் தின்கிறது. உண்மையில் வாட்டுக்கு 84தான். டிரான்சிஸ்டர் ஆம்ப் 4 ஓமில் கூடுதல் வாட் தந்து மறைத்துவிடும். எஸ்டி-70 அதற்கேற்ற எந்த டேப்பிலும் (4, 8, 16 ஓம் ஸ்பீக்கர் முனைகள்) அதே 35தான் தரும். அதனால் ஏஆர்-3ஏ போன்ற பழைய 4 ஓம் சோம்பேறிகள் இதற்குச் சுமை. சின்ன அறையில் மெதுவாகக் கேட்க ஓடும், நாகஸ்வரமும் தவிலும் எழும்போது மூச்சுத் திணறும்.

பொருத்தமென்றால் டைனாகோவின் சொந்த ஏ-25. பத்து அங்குல வூஃபர், 8 ஓம், எளிய கிராஸ்ஓவர், காற்றை அடக்கி விடும் துளை. இம்பீடன்ஸ் அதிகம் குதிக்காது. குரலுக்கு இந்த ஜோடி போதும் போதும் என்று இருக்கும். 15 ஓம் பிபிசி எல்எஸ்3/5ஏ கிடைத்தால் 16 ஓம் டேப்பில் போடுங்கள்; சத்தம் எழாது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கிளிப்ஷ் ஹெரிசி மறுபக்கம்: மூன்று வாட்டிலேயே வீடு நிறையும், ஆனால் ஆம்பின் ஹம்மையும் வால்வின் சீறலையும் அப்படியே எடுத்துச் சொல்லும். ஹெரிசி வைப்பவருக்கு மேலே சொன்ன பயாஸ், கெயின் இரண்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

டேப் எதுவென்று தாளைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். 8 ஓம் என்று எழுதியது நடுவில் 5-க்கு இறங்கலாம். 8-இலும் 4-இலும் ஒவ்வொரு வாரம் கேட்டுப் பாருங்கள். 4-இல் வாட் குறையும், டிஸ்டார்ஷனும் குறையும், பாஸ் இறுகும். ஒயரை மாற்றும்போது ஆம்பை அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னல் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. முன்பக்க மோனோ சுவிட்ச் ஸ்டீரியோவில் இருக்கிறதா என்றும் பாருங்கள், மோனோவில் கிடந்தால் ப்ரீஆம்பின் இரண்டு அவுட்புட்டும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். ப்ரீஆம்பை முதலில் போட்டு ஒரு நிமிஷம் கழித்து ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப் முதலில்.