தூர்க்கட்டையை எடுக்க: சங்கிலியா, பேக்ஹோவா, அரைவையா?

வெட்டிய மரத்தின் தூரைப் பார்த்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது சங்கிலிதான். கட்டு, டிராக்டரை எடு, இழு. 25, 30 குதிரைத்திறன் இருக்கிறதே! ஆனால் சிறு டிராக்டருக்குப் பற்றாமல் போவது திறன் அல்ல, எடை. டயர் மண்ணைப் பறித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். ஆத்திரத்தில் சங்கிலியைத் தளர்த்திவிட்டு வெடுக்கென்று இழுக்கத் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். அறுந்த சங்கிலி ஓட்டுபவர் முதுகுக்கே வரலாம். நைலான் கயிறு இன்னும் மோசம், நீண்டு திரும்பி அடிக்கும்.

சங்கிலியை மாட்ட வேண்டிய இடம் டிராபார் (டிராக்டரின் பின்னால் உள்ள இழுவைக் கம்பி), அதுவும் தாழ்வாக. பின் அச்சுக்கு மேலே மாட்டினால், கட்டை அசையாதபோது டிராக்டரின் முன்பக்கம் எழும்பி, கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் வண்டி மல்லாந்துவிடும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகமும் சீட் பெல்ட்டும் இல்லாவிட்டால் இந்த முறையே வேண்டாம்.

என் ஓட்டு பேக்ஹோவுக்கு, அதாவது டிராக்டரின் பின்னால் மாட்டும் தோண்டும் கைக்கு. அது கட்டையோடு மல்லுக்கட்டுவதில்லை. சுற்றிலும் தோண்டி, பக்க வேர்களை ஒவ்வொன்றாக அறுத்து, கடைசியில் அடியில் கைகொடுத்துத் தூக்குகிறது. டிராக்டர் தாங்குகால்களில் நிற்பதால் டயர் பிடிமானம் ஒரு பிரச்சினையே இல்லை. குறை, விலையும் அது விட்டுப்போகும் பள்ளமும். (அடியில் குழாயோ கேபிளோ போகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.)

முன் லோடர் பக்கெட்டால் (டிராக்டரின் முன்னால் மண் அள்ளும் வாளி) நெம்புவது எனக்குப் பிடிக்காது. ஒரு மூலையில் மட்டும் பாரம் ஏறினால் லோடர் கைகள் முறுக்கிக்கொள்ளும். பற்கள் வைத்த குறுகிய தூர்ப் பக்கெட் என்றால் மெலிந்த கட்டைகளுக்குப் பரவாயில்லை.

பி.டி.ஓ.வில் (எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குத் தரும் டிராக்டர் தண்டு) ஓடும் அரைவை இயந்திரம் பள்ளம் விடாது, புல்தரைக்கு நல்லது. ஆனால் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே வரைதான் அரைக்கும். வேர் உள்ளேயே இருக்கும். உழப்போகும் நிலத்தில் அது கலப்பையில் மாட்டும். மரத்தூள் மண்ணில் கலந்தால் மட்கும்வரை தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். கல்லோ கம்பியோ பட்டால் பற்கள் போச்சு.

சரி, பேக்ஹோ இல்லை, சங்கிலிதான் இருக்கிறது என்றால்? மரத்தை வெட்டும்போதே இடுப்பளவு விட்டு வெட்டுங்கள், நெம்புகோல் கிடைக்கும். மண்வெட்டியாலும் கோடாரியாலும் பக்க வேர்களை அறுத்த பிறகு, சங்கிலியைக் கட்டையில் உயரமாகவும் டிராக்டரில் தாழ்வாகவும் கட்டி, மிகக் குறைந்த கியரில் மெல்ல இழுங்கள். ஈரமண் வேரை எளிதில் விடும், ஆனால் டயரும் வழுக்கும். அதனால் மேல்மண் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும் நாளே இதற்கு வாகானது.